அரைத் தலைக்கட்டு

என்னிடம் வரி வாங்கிக்கொள்ளுங்கள் என்று வீடு தேடி வந்து கெஞ்சிய ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். மட்டாஞ்சேரியில் எங்கள் ஆட்கள் யாரானாலும் வரி கேட்டு ஆள் வருகிறது என்றால் பின்வாசல் வழியாக நழுவுவார்கள். இவள் முன்வாசலில் வந்து நின்றாள். பெயர் மாடத்தி.

அது என்ன வரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கமிருந்து மூட்டை தூக்கவும் சுக்குச் சுரண்டவும் வந்த எங்கள் சமுதாயத்தார், பஜாருக்கும் சுள்ளிக்கல்லுக்கும் நடுவில் ஒரு அம்மன் கோயிலும் அதை ஒட்டி ஒரு லைன் வீடும் கட்டி வைத்திருந்தார்கள். நீளமாக ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே வரிசையாக அறைகள். வாடகை கிடையாது. வருஷம் ஒரு தடவை, சித்திரையில் அம்மனுக்கு எடுக்கிற கொடைத் திருவிழாவுக்கு முன்னால், தலைக்கட்டு வரி கட்டினால் போதும்.

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். அவன், அவன் பெண்டாட்டி, அவர்கள் பெற்றுப் போட்டது எல்லாம் சேர்ந்து ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. பெண்டாட்டி செத்துப்போனாலும் ஆண் முழுசாகவே இருப்பான். புருஷன் செத்துப்போனால் பெண் அரையாகிவிடுவாள். அரை வரி கட்டலாம், கொடையில் அரைப் பங்கு வாங்கலாம், சாகிறவரை அறையில் இருக்கலாம். கல்யாணமாகாத பிள்ளைகள் அப்பன் கணக்கு. கல்யாணமே ஆகாமல், அப்பனும் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பெண் மிச்சமிருந்தால் அவள் என்ன கணக்கு என்று யாரும் விதி போட்டு வைக்கவில்லை. அப்படி ஒருத்தி மிஞ்சுவாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், ஐந்து பிள்ளைகள், மகன் கணக்கிலேயே இருந்துவிட்ட மாமியார். ஒரே வரி. கொடையன்று எட்டு இலை போட்டுச் சாப்பிட்டோம். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. விதி நமக்குச் சாதகமாக இருந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

மாடத்தி பாவாடை கட்டின வயசிலிருந்தே பாண்டிகசாலைக்குப் போனவள். சுக்கும் மிளகும் வைக்கிற கிடங்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சுக்கைத் தோல் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, தரம் பிரிப்பது அவள் வேலை. விரலெல்லாம் எப்போதும் வெள்ளையாக வெடித்துக் கிடக்கும். அவளிடம் ஒரு கோணல் உண்டு. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் ஒழுங்காக முடிக்காமல் விடமாட்டாள். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பினதும் மற்றப் பெண்கள் சொத்தைச் சுக்கை நல்ல குவியலில் தள்ளிவிடுவார்கள். இவளுக்கு மட்டும் அது வராது. இதற்காக யாரும் அவளுக்குக் கூலி கூட்டிக் கொடுத்ததில்லை.

பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். அவள் அப்பா சுப்பையா சாதகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாதகத்துக்கு என்ன கேடு? வாரக்கூலி கொண்டு வருகிறவளை அனுப்பிவிட்டால் கள்ளுக்கடைக்கு யாரிடம் கை நீட்டுவது? அவர் வரியையும் அவள்தான் கட்டினாள். பெண்டாட்டி இல்லாத சுப்பையா முழுத் தலைக்கட்டாகக் கோயில் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்.

எழுபத்து நாலில் சுப்பையா செத்தார். கருமாதி முடிந்ததும் மாடத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டுக்காரர் ராசப்பன்தான் அப்போது வரி பிரிக்கிறவர்.

"அண்ணாச்சி, அப்பா வரியை இனி எம் பேருல போட்டுக்கிடுங்க."

அவர் சாயாக் கிளாசைக் கீழே வைக்காமலேயே, "உம் பேருல எப்படித் தாயி போட? தலைக்கட்டு வேணும்லா" என்றார்.

"இத்தன வருசமும் நாந்தானே கட்டுனேன்?"

"கட்டுனது நீதான். பேரு உங்கப்பன் பேருல்லா."

வரி வாங்கவில்லை என்றால் அறை போய்விடும். வந்தவளுக்கு அது தெரியும். பணத்தோடு நீட்டின கையை அவள் மடக்கவே இல்லை. நான்தான் பிடித்து மடக்கி வீட்டுக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூட்டம். தலைவர் சங்கரலிங்கம், பஜாரில் சாக்குக் கடை வைத்திருந்தவர். மண்டபத்துக்குள் ஆண்கள், வெளியே மணிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நாங்கள். மாடத்தியைக் கூப்பிட்டு வாசற்படியில் நிற்க வைத்தார்கள். புருஷன் இருந்தால் முழுசு, செத்தால் அரை, இரண்டும் இல்லாதவளை எதை வைத்துச் சேர்ப்பது என்று சங்கரலிங்கம் கேட்டார். முழு வரி கட்டுகிறேன், அரைப் பங்கு மட்டும் தாருங்கள் என்று இவள் பேரம் பேசினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வரி வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டும், பங்கு கொடுத்தால் பேச இடம் கொடுக்க வேண்டும், அப்புறம் இவள் உள்ளே வந்து உட்காருவாள் என்றார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கடைசியில் சொன்னார், "ஏட்டி, ஒருத்தனக் கட்டிக் கொன்னுட்டு வந்து நின்னேன்னாக்கூட அரை தந்துருப்போம். இப்படிக் கையை வீசிக்கிட்டு வந்து நிக்கியே."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு வருகிற மாதிரிதான் சொன்னார்.

கொடைக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் அறைக்குக் காத்திருந்தார்கள். மாடத்தி சுள்ளிக்கல்லில், தோப்பும்படியில் வாடகைக்கு இடம் தேடினாள். போகிற வீட்டிலெல்லாம் "பர்த்தாவு எவிடெ" என்றுதான் முதல் கேள்வி. புருஷன் இல்லை என்றதும் அறையும் இல்லை. ஒரே ஒருவன் மட்டும் உடனே தருகிறேன் என்றான். அவன் பார்த்த பார்வையில் இவள் செருப்பைக்கூட மாட்டாமல் திரும்பி வந்துவிட்டாள்.

சர்க்கார் மட்டும் பெரிய யோக்கியமா? விதவைக்குப் பென்ஷன் வைத்தார்கள். கல்யாணமே ஆகாமல் கிழவியாகப் போகிறவளுக்கு அப்போது ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு ஒருவன் வந்து, இருந்து, செத்துப்போயிருந்தால்தான் ஒரு பெண் பட்டினி கிடப்பது சர்க்காருக்கும் கண்ணில் படும் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் இசக்கிமுத்து என்று ஒருவன், வரி கட்டாததால் அறை இல்லாமல், கோயில் வெளித் தாழ்வாரத்தில் கிடந்தான். படகு வந்து நிற்கிற ஜெட்டியில் மூட்டை தூக்கினவன். பெண்டாட்டி ஊரில் செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருந்தான். நெஞ்சு அரித்து, இரத்தமாகத் துப்பிக்கொண்டு, எலும்பும் தோலுமாக இருந்தான். ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கொடுத்து, எங்காவது வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. வாசற்படியில் பிணம் விழுந்தால் கோயிலுக்குத் தீட்டு என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

யோசனை சங்கரலிங்கத்துடையது. அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார், என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார், நான் மாடத்தியிடம் சொன்னேன்.

"அவனக் கட்டிக்கோ. கொஞ்ச நாளைக்குக் கஞ்சி ஊத்து. அப்புறம் ஆயுசுக்கும் ரூம் உனக்கு."

அவள் விரலில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். "செத்துருவாரா மைனி?"

"பாத்தாத் தெரியலையா? வைகாசியில வர்ற இடவப்பாதி மழை தாண்டாது."

"தாண்டிருச்சுன்னா?"

"தாண்டாதுங்கேன்."

அன்றைக்கு அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். இன்றைக்கு வந்து கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன்.

கல்யாணம் அம்மன் முன்னால் நடந்தது. இசக்கிமுத்துவால் கையைத் தூக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஒருவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்தார். அவன் ஒரு முடிச்சுப் போட்டதுமே இருமல் வந்துவிட்டது, மற்ற இரண்டையும் நான் போட்டேன். கூறைப்புடவை எடுக்கும்போதே வெள்ளைப் புடவையும் சேர்த்து எடுத்திருந்தால் கடைக்காரன் விலை குறைத்துத் தந்திருப்பான் என்று எங்கள் பெண்களில் ஒருத்தி, மணப்பெண் காதில் விழும்படியே சொன்னாள். வந்தவர்களுக்குச் சாயாவும் பழமும். அந்த வருஷம் இசக்கிமுத்து பேரில் மாடத்தி முழு வரி கட்டினாள். அறை நின்றது.

அதன் பிறகு அவள் செய்த காரியத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் நம்ப மாட்டார்கள். சாகட்டும் என்று கட்டிக்கொண்ட ஆளுக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். பாண்டிகசாலையிலிருந்து மத்தியானம் ஓடி வருவாள், கொடுத்துவிட்டு ஓடுவாள். மாத்திரை தீர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வருவாள். கப்பைக் கிழங்கு வேகவைத்து, மத்தி மீன் குழம்பு வைத்து, முள் எடுத்து ஊட்டினாள். நான் ஒரு நாள் கிணற்றடியில் அவளைப் பிடித்தேன். உனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டேன்.

"வாங்கிட்டு வந்தாச்சே மைனி. வேளைக்குக் குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. குடுக்காம எப்படி வெச்சிருக்க?"

சொத்தைச் சுக்கை நல்ல குவியலில் தள்ளத் தெரியாதவள், வேறு என்ன செய்வாள்?

இடவப்பாதி மழை வந்தது, லைனுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியது, வடிந்தது. இசக்கிமுத்து சாகவில்லை. ஓணத்துக்கு எழுந்து உட்கார்ந்தான். கார்த்திகையில் பஜார்வரை நடந்தான். அடுத்த கொடைக்கு, கன்னம் உப்பி, எண்ணெய் தேய்த்த தலையோடு, தலைக்கட்டு வரிசையில் மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தான். வெளியே நின்றிருந்த பெண்களெல்லாம் மாடத்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கோயில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பத்து வருஷம் உயிரோடு இருந்தான் அந்த மனுஷன். மூட்டை தூக்க நெஞ்சில் பலம் இல்லை என்று வேலைக்குப் போகவில்லை. குடிக்கப் பலம் இருந்தது, அடிக்கவும் இருந்தது. கூலியை வாங்கிக்கொள்வான், வரிக்கு மட்டும் அவள் ஒளித்து வைப்பாள். ஒளித்து வைத்ததற்கு அடிப்பான். நீ சாவேன்னுதான என்னக் கட்டுன என்று போதையில் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்துவான். அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது.

ஒரு வருஷம் கூட்டத்தில், இன்னொரு வீட்டுப் பெண்ணும் முதிர்ந்து நிற்கிறாள், ஒற்றைப் பெண்களிடமும் அரை வரி வாங்கினால் என்ன என்று என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். நான் உந்தி அனுப்பித்தான் கேட்டார். முதலில் எழுந்து நின்று எதிர்த்தவன் இசக்கிமுத்து.

"ஒத்தப் பொம்பளைக்கு ரூம் குடுத்தா சமுதாயத்துல ஒழுக்கம் என்னத்துக்கு ஆகும்?"

அவன் உட்கார்ந்திருந்த வரி மாடத்தி கட்டினது. அதை யாரும் சொல்லவில்லை. பேச்சு அத்தோடு நின்றது.

எண்பத்து நாலில், குடித்துவிட்டு எர்ணாகுளம் போட்டில் ஏறப் போனவன் போட்டுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் விழுந்தான். சமுதாயப் பாடையில் கொண்டு போனோம். மாடத்தி அழவில்லை. அழு, இல்லாவிட்டால் பேசுவார்கள் என்று நான் தொடையில் கிள்ளினேன், அப்போதும் வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே, வெள்ளைப் புடவையில் எங்கள் வாசலில் நின்றாள். கொடைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அரை வரியை இப்போதே வாங்கிக்கொள்ளச் சொன்னாள். என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அவள் பேருக்கு முதல் முதலாகச் சீட்டுக் கொடுத்தார். அதைக் கையில் வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புருஷனைப் பறிகொடுத்தவள் முகமா அது?

அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புதுப் பாய் வாங்கினாள். அவன் உடைத்த ஜன்னலுக்குப் பலகை வைத்து அடித்தாள். சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அடிக்க ஆளில்லாமல் அவள் உடம்பு கொஞ்சம் சதை பிடித்தது. ஒரு ஐந்தாறு மாதம் இருக்கும், அவ்வளவுதான்.

சங்கரலிங்கத்தின் இரண்டாவது மகனுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லைனில் காலி அறை எதுவும் இல்லை. சங்கரலிங்கம் குலதெய்வம் கும்பிட ஊருக்குப் போனார். திரும்பி வரும்போது ஒரு வயசான பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். பெயர் பேச்சியம்மாள். செத்துப்போனதாக இசக்கிமுத்து சொன்ன அதே முதல் பெண்டாட்டி. அவன் ஊரும் சங்கரலிங்கத்தின் ஊரும் ஒன்றுதான். அவள் உயிரோடு இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது என்று சொன்னால், அதைக் கேட்க எனக்குக் காது கிடையாது.

மறுபடி கூட்டம், மறுபடி அதே வாசற்படி. முதல் தாலி இருக்கும்போது கட்டின இரண்டாம் தாலி செல்லாது, அதனால் இசக்கிமுத்துவுக்கு விதவை ஒருத்திதான், அது பேச்சியம்மாள் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கட்டி வைத்ததே இந்தச் சமுதாயம்தான். தாலியில் இரண்டு முடிச்சு என்னுடையது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

மாடத்திக்கு அப்போது தலை பாதி நரைத்துவிட்டது. சத்தம் போடாமல்தான் கேட்டாள். "அப்ப நான் யாரு?"

"நீ சுப்பையா மக" என்றார் சங்கரலிங்கம்.

அவ்வளவுதான். பத்து வருஷ அடியும் மாத்திரையும் மத்திக் குழம்பும் ஒன்றுமே நடக்காதது மாதிரி, பழைய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அரை வரியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் நீட்டினபோது அவள் வாங்கவில்லை. படியிலேயே வைத்துவிட்டு வந்தார்.

சங்கரலிங்கம் போட்ட கணக்கு வேறு. பேச்சியம்மாள் கையில் ஏதாவது கொடுத்து ஊருக்கு வண்டியேற்றிவிட்டால் அறை மகனுக்கு ஆகும். ஆனால் பேச்சியம்மாள் வந்து அறையைப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர், புதுப் பாய், ஒழுகாத ஓடு. ஊரில் அவள் தம்பி வீட்டு மாட்டுக் கொட்டகையில் கிடந்தவள். பாயில் உட்கார்ந்தாள், காலை நீட்டினாள்.

"நான் எதுக்குப் போணும்? அரை எனக்குன்னு நீருதான சொன்னீரு?"

சங்கரலிங்கம் சொன்ன தீர்ப்பை அவரே மாற்ற முடியுமா? மகனுக்குத் திருப்பூணித்துறையில் வாடகைக்கு வீடு பார்த்தார். அந்த ஒரு விஷயத்தில் எனக்கு வயிறு குளிர்ந்தது.

மாடத்தி தன் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பாயில் உட்கார்ந்தபடியே பேச்சியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் மாடு பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"வேலைக்குப் போறியா?"

"போறேன்."

"எனக்குக் காலு வெளங்காது, சம்பாரிக்க ஏலாது. நீ வேணும்னா ஒரு ஓரமாக் கெடந்துக்கோ. கூலியைக் கொண்டாந்து எங் கையில குடுத்துரணும். ஆக்கிப் போடணும்."

மாடத்தி சாக்கை அவிழ்த்தாள்.

நான் விடவில்லை. ஆலுவா பக்கம் செங்கல் சூளையில் பெண்களுக்குத் தங்க இடம் தருகிறார்களாம், அங்கே போய்த் தொலையேன் என்று திட்டினேன். அந்தக் கிழவிக்கு வடித்துக் கொட்ட உனக்கென்ன தலையெழுத்து என்றும் கேட்டேன்.

"எங்க போனாலும் புருசன் எங்கன்னுதான் மைனி கேக்கான். இங்கன்னா எல்லாத்துக்கும் தெரியும், ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றாள்.

அடுத்த சித்திரையில் என் வீட்டுக்காரர் வரி பிரிக்கப் போனார். பேச்சியம்மாள் வெற்றிலை இடித்துக்கொண்டே, அவகிட்ட வாங்கிக்கிடுங்க என்று கையைக் காட்டினாளாம். மாடத்தி முந்தியை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாளாம். பேச்சியம்மாள் பேரில் அரை என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வேறு என்ன செய்ய முடியும் என்று என்னையே கேட்டார். நான் சோற்றைப் போட்டேன்.

கொடையன்று சாமிக்குப் படைத்த சோறும் கிடாக்கறியும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று அளந்து போட்டார்கள். பேச்சியம்மாளால் வரிசையில் நிற்க முடியாது. மாடத்திதான் தூக்குச்சட்டியோடு நின்றாள். எனக்கு நாலு ஆள் முன்னால். அகப்பை பிடித்தவன் புதிதாக வந்த பையன். யாருக்கு என்று கேட்டான்.

"பேச்சியம்மாளுக்கு."

"முழுசா அரையா?"

"அரை."

அவன் அரை அகப்பை போட்டான். அவள் மூடியைப் போட்டு மூடிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் லைனைப் பார்த்து நடந்தாள்.